வேக்ஃபீல்டு பாலத்துச் சிற்றாலயம்: மூன்றாவது முகப்பு

இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில், கிர்க்கேட் ரயில் நிலையத்திலிருந்து கால்டர் ஆற்றுப் பாலம் நடக்கும் தூரம்தான். பெரிய போக்குவரத்தெல்லாம் பக்கத்துப் புதுப் பாலத்தில் போய்விடுவதால் பழைய பாலத்தில் நிதானமாக நின்று பார்க்கலாம். அதன் கிழக்குப் பக்கத்தை ஒட்டி, ஆற்றுத் திட்டில் கால் ஊன்றி நிற்கிறது மரியன்னை சிற்றாலயம். இங்கே பூசை வைக்க இரண்டு குருக்களுக்கு 1356இல் உரிமம் கிடைத்தது.

இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கும் இப்படிப்பட்ட ஆலயங்களையெல்லாம் 1547இல் அரசு மூடியது. பாலத்தின் கட்டுமானத்தோடு பிணைந்திருந்ததால் இதை இடிக்கவில்லை. பிறகு கிடங்கு, நூலகம், அலுவலகம், சீஸ்கேக் கடை என்று யார் யாரோ குடியேறினார்கள்.

ஆனால் கடைக்காரர்களைவிடப் புதுப்பித்தவர்கள்தான் அதிகம் கெடுத்தார்கள் என்பேன். 1847இல் வேலையை எடுத்த கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட், அரித்துப்போயிருந்த பழைய முகப்பை அப்படியே கழற்றிக் கொடுத்துவிட்டார். அது கெட்டில்தார்ப் மாளிகை ஏரிக்கரையில் படகுக் கொட்டகைக்கு முகப்பானது. இங்கே பிரான்ஸின் கான் நகரத்துச் சுண்ணாம்புக்கல்லில் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். உளிக்கு வாகான கல்தான். ஆனால் நிலக்கரிப் புகை சூழ்ந்த ஊருக்கு ஒத்துவருமா? புகையிலிருந்த கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகி, சுண்ணாம்பை ஜிப்சமாக்கும். மேலே கருத்த பொருக்கு கட்டும், அது உரியும்போது செதுக்கலும் கூடவே உதிரும். நூறு வருடம்கூடத் தாங்கவில்லை. ஸ்காட்டே பின்னாளில் நொந்துகொண்டார். 1939இல் சொரசொரப்பான மணற்கல்லில் மறுபடி செய்தார்கள். மூன்று வாசல், மேலே ஐந்து சிற்பப் பலகைகள் என்று நீங்கள் பார்ப்பது இந்த மூன்றாவது முகப்பைத்தான்.

ஆகவே நிஜமான பழமையைத் தேடுபவர்கள் பாலத்துக்கு அடியில் பார்க்க வேண்டும். மொத்தம் ஒன்பது வளைவுகள். ஆலயப் பக்கம் கூர்முனை வளைவுகள், அவை இடைக்காலத்தவை. எதிர்ப்பக்கம் அரைவட்டம், 1758இலும் 1797இலும் சாலையை அகலப்படுத்தியபோது ஒட்டவைத்தவை. ஒரே வளைவுக்குள் தலையை நுழைத்தால் இரண்டும் சேரும் கோடு தெளிவாகத் தெரியும்.

உள்ளே போவதற்குத்தான் திட்டம் வேண்டும். பெரும்பாலும் பூட்டியே இருக்கும். திறக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மூலையில் குறுகலான சுழல்படி இருக்கிறது, பெரிய முதுகுப்பையோடு ஏறுவது சிரமம். பூட்டியிருந்தால் பக்கத்திலேயே ஹெப்வொர்த் கலைக்கூடம் இருக்கிறது.