எத்தனை வரிசை வரும்?

முதல் தடவை எனக்குக் கிடைத்தது 60 வீதம். தேறுவதற்கு 63 வேண்டியிருந்தது. தரவுத்தள நிறுவனமான ஒராக்கிளின் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) பரீட்சை (எண் 1இசட்0-071) நான் எழுதியபோது 63 கேள்விகள், 120 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டே இரண்டு கேள்வியால் போயிருக்கிறது. மறுபடி எழுத 14 நாள் பொறுக்க வேண்டியிருந்தது, கட்டணமும் மறுபடி டொலரில் முழுதாகக் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பிழை எங்கே என்று அப்போது தெரியவில்லை. உயர்தரத்துக்குப் பழைய வினாத்தாள் செய்த பழக்கத்தில், யாரோ அனுப்பிய கேள்வி விடைக் கோப்பு ஒன்றை உருப்போட்டிருந்தேன். அது பரீட்சை விதிக்கே மாறானது. அதைவிடக் கொடுமை, அதில் பாதி விடைகள் பிழை.

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை அண்ணா ஒருவர் கொழும்பில் டீ.பி.ஏ. (தரவுத்தள நிர்வாகி) ஆக இருக்கிறார். போயா விடுமுறைக்கு இரவு பஸ்ஸில் வந்திருந்தார். டச்சு பே கடற்கரையில் மடிக்கணினியைத் திறந்து, ஒராக்கிள் பழகுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த எச்.ஆர். (ஊழியர் விவரம்) மாதிரித் தரவுத்தளத்தை எடுத்தார். ஊழியர் அட்டவணையில் 107 பேர்.

"தம்பி, இதைப் பிரிவு அட்டவணையோட ஜொயின் பண்ணினா எத்தனை வரிசை வரும்? ஓட்ட முதல் சொல்லு."

"107."

வந்தது 106. ஒரு ஊழியருக்குப் பிரிவே போடப்படவில்லை. ஜொயின் என்பது இரண்டு அட்டவணைகளில் பொருந்தும் வரிசைகளை இணைப்பது. சாதாரண ஜொயின், இணை கிடைக்காத அவரைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. கொமிஷன் நிரலை (கொலத்தை) கவுண்ட் பண்ணினால், அதாவது எண்ணினால்? அதற்கும் 107 என்றேன். வந்தது 35. கவுண்டுக்குள் நட்சத்திரம் போட்டால்தான் எல்லா வரிசையும் எண்ணப்படும். நிரலின் பெயரைப் போட்டால் நல் உள்ள இடங்கள், அதாவது ஒன்றும் பதியாத இடங்கள், விடுபடும்.

அடுத்ததுதான் அடி. மேலாளர்கள் 18 பேர். மேலாளர் எண் நிரலைப் பட்டியலாக வைத்து, மேலாளர் அல்லாதவர்களை 'நொட் இன்' (பட்டியலில் இல்லாதவர்) போட்டு எடுத்தால்? 107இல் 18 போக 89 என்று நிமிர்ந்து சொன்னேன். ஒரு வரிசைகூட வரவில்லை. தலைவருக்கு மேலே ஆள் கிடையாது, அதனால் மேலாளர் எண் நிரலில் அவருடைய இடம் நல். அந்த ஒரு நல் பட்டியலுக்குள் இருப்பதால், "இந்த ஆள் பட்டியலில் இல்லையா?" என்று கேட்கும்போது மேலாளர் அல்லாத ஒவ்வொருவருக்கும் "தெரியாது" என்றே பதில் வருகிறது. நிபந்தனை சொல்லும் வெயார் பகுதி உண்மை என்று வந்ததை மட்டும்தான் உள்ளே விடும், தெரியாததை விடாது. பட்டியலுக்குள் 'இஸ் நொட் நல்' (நல் வேண்டாம்) சேர்த்தால், அல்லது 'நொட் எக்சிஸ்ட்ஸ்' (அப்படி வரிசையே இல்லை) என்று எழுதினால், 89 பேரும் வருவார்கள்.

அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன். எந்த வினவலையும் ஓட்டுவதற்கு முன் எத்தனை வரிசை வரும் என்று அதில் எழுதுவேன், பிறகு ஓட்டுவேன். பிழையாகப் போனதற்குச் சிவப்பு மையில் கோடு. திருப்பிப் படித்ததெல்லாம் சிவப்புக் கோடுகளை மட்டும்தான். கரண்ட் இல்லாத நேரத்திலும் கொப்பி வேலை செய்யும் என்பது திருகோணமலைக்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பழக்கம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இடையில் நான் வேலை செய்த கடை ஒன்றின் சரக்குத் தரவில் பழைய வரிசைகளை அழித்தேன். நான் நினைத்ததைவிடப் பல மடங்கு போய்விட்டது. சரி, செய்ததைத் திருப்பி எடுக்க ரோல்பேக் இருக்கிறதே என்ற தைரியத்தில், நடுவே தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் ஒன்றையும் உருவாக்கிவிட்டேன். ஒராக்கிளில் கிரியேட், ட்ரொப் போன்ற கட்டளைகள் தாமாகவே கொமிட் பண்ணும், அதாவது அதுவரை செய்ததை நிரந்தரமாக்கும். அதன்பிறகு ரோல்பேக் போட்டு என்ன பயன்? முதல்நாள் பின்னேரம் எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்டு, அன்றைய பில்களைக் கையால் திரும்பப் பதிந்தோம். அழிக்க முன் அதே வெயாரோடு ஒரு கவுண்ட் போட்டிருந்தால் போதும். இந்தத் தானாக நடக்கும் கொமிட் பற்றிய கேள்வி பரீட்சையில் வந்தபோது ஐந்து விநாடிகூட எடுக்கவில்லை.

வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு ஒன்று. கமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும், அறைக்குள் யாரும் வரக்கூடாது, வாய்க்குள் முணுமுணுத்தாலே எச்சரிக்கை வரும். எனக்கு முணுமுணுத்துப் படிக்கும் பழக்கம். அதை நிறுத்தப் பழகவே ஒரு வாரம் போனது. கோயில் திருவிழா நாள்களையும் பார்த்துத் திகதி எடுங்கள், லவுட்ஸ்பீக்கருக்கு யாரும் விதிமுறை சொல்ல முடியாது. இரண்டாம் தடவை 79 வீதம்.

எச்.ஆர். அட்டவணைகளை ஒராக்கிள் இலவசமாகவே தருகிறது. பிரிவுகள் 27, அவற்றில் 16இல் ஆளே இல்லை. பிரிவு அட்டவணையை இடப்பக்கம் வைத்து ஊழியரோடு லெஃப்ட் ஜொயின் (இணை இல்லாத இடப்பக்க வரிசைகளையும் விடாத ஜொயின்) பண்ணினால் எத்தனை வரிசை வரும் என்று முதலில் கொப்பியில் எழுதுங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள். 122 என்று எழுதியிருந்தால் திகதி எடுக்கலாம். 106 என்று எழுதியிருந்தால் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.