பதினான்காம் தேதிக்கு முன்னால்

ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர்களுக்கு மாதம் என்பது ஆறு நாள்தான். 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி அறிக்கை, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், தயாராகும். 20ஆம் தேதிக்குள் 3பி, அதாவது நாம் வரி கட்டும் மாதக் கணக்கு, தாக்கல் செய்தாக வேண்டும். நமக்கு விற்றவர் தன் கணக்கில் பில்லை ஏற்றியிருந்தால்தான் அது 2பியில் வரும். 2022 ஜனவரியிலிருந்து, அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே நாம் பதிந்த கொள்முதலையும் 2பியையும் பில் பில்லாக ஒத்துப் பார்ப்பதிலேயே அந்த ஆறு நாளும் போகும்.

மும்பை சாக்கிநாக்காவில் எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்துவந்தவர் ஓர் அக்கா. தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு எக்செல் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வரிசை தவறாமல் இருக்கத் திரை மேலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டு போவார். அந்த ஸ்கேலைப் பார்த்த பிறகுதான் எனக்கு மேக்ரோ, அதாவது எக்செல் வேலையைத் தானாகச் செய்யவைக்கும் நிரல், கற்றுக்கொள்ளும் எண்ணம் வந்தது.

எல்லோரையும் போல ரெக்கார்ட் மேக்ரோவில்தான் தொடங்கினேன். நாம் செய்வதை எல்லாம் அது எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான விபிஏவில் எழுதிக்கொள்ளும். ஆனால் எதற்காகச் செய்தோம் என்பது அதற்குத் தெரியாது. இந்த மாதம் 412ஆம் வரிசை வரை தேர்ந்தெடுத்தால், அடுத்த மாதம் 530 பில் வந்தாலும் 412லேயே நின்றுவிடும். கடைசி வரிசையைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லும் வழி வேடிக்கையானது: தாளின் அடிமட்டத்துக்கு, அதாவது 10,48,576ஆம் வரிசைக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி வர வேண்டும். மேலிருந்து இறங்கினால் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலே போதும், அதோடு முடிந்தது என்று நின்றுவிடும்.

விபிஏ 1993இல் எக்செல் 5.0உடன் வந்தது. ஆல்ட்டையும் எஃப்11ஐயும் அழுத்தினால் திறக்கும் ஜன்னல் எக்செல் 97 காலத்து முகத்தோடு இன்னும் அப்படியே இருக்கிறது. பழையதுதான், ஆனால் எக்செல் உள்ள பெரும்பாலான அலுவலகக் கணினிகளில் தனியாக எதையும் நிறுவாமலே கிடைக்கிற நிரல்மொழி இது. எஃப்8ஐ அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓடவிட்டுப் பார்த்ததில் கற்றதுதான் அதிகம். மற்றபடி, காட்கோபரில் மெட்ரோவுக்கு வரிசையில் நிற்கும் நேரத்துக்கு ஒரு பாடமே படித்துவிடலாம்.

ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தியாவில் யார் மேக்ரோ எழுதினாலும் மாட்டுகிற இடம் அது. கிடங்கு மென்பொருளிலிருந்து எங்களுக்குக் கொள்முதல் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, வரும். கையால் திறந்தால் தேதிகள் சரியாக இருக்கும், காரணம், எக்செல் அப்போது விண்டோஸில் நாம் வைத்திருக்கும் நாள், மாத வரிசையைப் பின்பற்றுகிறது. அதே கோப்பை மேக்ரோ திறந்தால் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அதற்கு மார்ச் 4. 13/04 என்று வரும்போது பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் பாதித் தேதி மாறிப்போயிருக்கும், மீதித் தேதி தேதியாகவே இருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பைத் திறக்கும் கட்டளையில் 'லோக்கல்' என்ற ஒன்றை 'ட்ரூ' என்று சேர்த்தால் தீர்ந்தது.

பில் எண்களிலும் எக்செல்லின் அதிகப்பிரசங்கித்தனம் உண்டு. 5-24 என்ற எண்ணை மே மாதம் ஆக்கும். 45E12 என்று ஆங்கில E நடுவில் இருந்தால், 45க்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இந்தத் தொல்லையால்தான் மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை மாற்றி, 2020இல் அதற்கென்று விதியும் வெளியிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், அந்தக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் என்று வடிவமைத்துவிட்டால் போதும். அப்புறம், மேக்ரோ ஓடிய பிறகு கண்ட்ரோல் இசட் கைகொடுக்காது. அசல் தாளைத் தொடாமல் நகலில் வேலை செய்வதே நல்லது.

இதெல்லாம் கணினியோடு உள்ள சண்டை. தேடினால் விடை கிடைத்துவிடும். கிடைக்காத விடை அக்காவிடம் இருந்தது. பில்லில் எஸ்எம்/0457/23-24 என்று இருக்கும், எங்கள் பதிவில் வெறும் 457. இரண்டும் ஒன்றுதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இது என்னப்பா கேள்வி? பார்த்தாலே தெரியும்லா."

பார்த்தால் தெரிவதை எந்த நிரலில் எழுதுவது? அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பில்லுக்கும் 'இதை ஏன் விட்டீங்க, அதை ஏன் சேர்த்தீங்க' என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஜிஎஸ்டி எண் ஒன்றாக இருக்க வேண்டும். வரித் தொகையில் ஒரு ரூபாய் வரை வித்தியாசம் வரலாம், ரவுண்ட் செய்வதால் வருவது. நிதியாண்டையும் முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விட்டுவிடலாம். அப்படியானால் எழுத்துகளையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிடலாமா என்றேன்.

"தம்பி, எழுத்தைத் தூக்கிராத. அந்த பிளாஸ்டிக் பெட்டிக்காரன் ரெண்டு டெப்போவுல பில் போடுவான். ஏ 101ம் வரும், பி 101ம் வரும். ஜிஎஸ்டி நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

இன்னொன்றும் சொன்னார். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: மகாராஷ்டிரா 27, தமிழ்நாடு 33. எண் 33இல் தொடங்கி, மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் வரும் ஐஜிஎஸ்டி இல்லாமல், ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனைக்கு வரும் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) என்று பிரிந்து வந்திருந்தால், யாரோ சென்னைக்குப் போய் ஹோட்டலில் தங்கிய பில். வேறு மாநிலத்து எஸ்ஜிஎஸ்டி என்பதால் மும்பைப் பதிவில் அந்த வரியை எடுக்க முடியாது. அதை ஒத்துப் பார்க்க நேரம் செலவழிக்கவே வேண்டாம். இப்படி ஒரு சுருக்குவழி எந்த மேக்ரோ வகுப்பிலும் கிடைக்காது.

இவற்றை நிரலுக்குள்ளேயே குறிப்புகளாகத் தமிழில் எழுதி வைக்கப் பார்த்தேன். விபிஏ எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது, வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வந்தன. எக்செல் கட்டங்களில் தமிழ் நன்றாகவே வரும். ஆகவே விதிகளை நிரலிலிருந்து எடுத்து ஒரு தனித் தாளில் போட்டேன். ஒவ்வொரு ஜிஎஸ்டி எண்ணுக்கும் எதிரே, எழுத்தை விடலாம் என்றால் 1, கூடாதென்றால் 0. பக்கத்துக் கட்டத்தில் காரணம், தமிழில். மேக்ரோ அந்தத் தாளைப் படித்து அதன்படி நடக்கும்.

நான் செய்ததில் உருப்படியானது இந்தத் தாள்தான் என்று நினைக்கிறேன். புதிதாக ஒருவர் விற்கத் தொடங்கினால் அக்காவே ஒரு வரிசை சேர்த்துவிடுகிறார், என்னிடம் சொல்வதுகூட இல்லை. நிரலை அவர் ஒருநாளும் திறந்ததில்லை, திறக்கத் தேவையும் இல்லை. மராத்தி பேசும் சக ஊழியருக்குத் தமிழ்க் காரணங்கள் புரியாததால் இன்னொரு கட்டமும் சேர்ந்திருக்கிறது.

கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவைத் தடுக்கும். 1999இல் மெலிசா வைரஸ் வேர்டு மேக்ரோவில்தான் ஏறி வந்தது. இணையம் வழி வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பிலேயே தடுத்துவிட்டது. நியாயம்தான். எங்கள் கோப்பு அலுவலகப் பொதுக் கோப்புறையில் இருக்கிறது, யாருக்கும் அனுப்புவதில்லை.

ஒத்துப் போனவை பச்சை, சந்தேகம் மஞ்சள், 2பியில் இல்லாதவை சிவப்பு. மஞ்சளையும் மேக்ரோவே முடித்துவிடக் கூடாதா என்று மேலாளர் கேட்கிறார். முடிக்கலாம், தவறாக முடிக்கும். அதைவிட வேறு ஒன்று நடந்திருக்கிறது. ஒத்துப் பார்ப்பது சில நிமிட வேலை ஆகிவிட்டதால் 14ஆம் தேதிக்குக் காத்திருப்பதில்லை. போர்ட்டலில் 2ஏ என்று இன்னொரு அறிக்கை உண்டு, விற்பவர்கள் பில் ஏற்ற ஏற்ற அது மாறிக்கொண்டே இருக்கும். மாதத் தொடக்கத்திலேயே அதை வைத்து ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்கள் பில் ஏற்றக் கடைசி நாள் 11. அதற்குள் சிவப்பில் உள்ளவர்களுக்கு அக்கா போன் போடுகிறார். அவர் மராத்தியில் இரண்டு வார்த்தை பேசினால் மறுநாளே பில் ஏறிவிடுகிறது. நான் இந்தியில் கேட்டால் 'தேக்தா ஹூன்' (பார்க்கிறேன்) என்பதோடு சரி.