பொம்மைக்குக் கட்டிய கயிறு

ஜூலை 11, 2024, வியாழன்

பதினோரு அடி. விழுந்த உயரத்தை டேப் வைத்து நானே அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ராத்திரி முழுக்க பெரியாஸ்பத்திரி வராந்தா. முதுகெலும்பில் எல் ஒன் நொறுங்கியிருக்கிறதாம், நடுமுதுகுக்குக் கீழே. டாக்டர் பேனாவின் பின்பக்கத்தால் உள்ளங்காலில் கீறினார். "தெரியுதாப்பா?" "தெரியுது சார்." "கட்டைவிரலை அசை." அசைக்கிற முயற்சி எல்லாம் விழுந்தவர் முகத்தில் இருந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. விரல் சும்மா இருந்தது.

மேஸ்திரி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. விழுந்தது அவருடைய தங்கை வீட்டுக்காரர். "பாப்பா, நீ கிளம்பு, அப்பா தனியா இருப்பாரு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 13, சனி

ஜூன் 30 நள்ளிரவு. என் ஆட்களுக்குப் போட்ட இன்ஷூரன்ஸ் அதோடு முடிந்தது.

29-ம் தேதி போனில் ரிமைண்டர்கூட அடித்தது. டைல்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தள்ளிவிட்டேன். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், அடுத்த வாரம் கட்டிக்கொள்ளலாம் என்று. அதே கடையில் அதைவிட அதிகமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். பூஜை அறைக்கு மாவிலை டிசைன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒத்தக்கடை சைட்டுக்குத் தனியாகப் போனேன். வாட்ச்மேன் மட்டும் இருந்தார். பார்த்ததை எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

கிழக்குச் சுவர் வெளிப்பூச்சு. மேலிருந்து பூசிக்கொண்டே இறங்கும்போது குறுக்குக் கட்டையை உருவி, அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டே வருவார்கள். எல்லா சைட்டிலும் அப்படித்தான். உருவியதால் பலகைக்குக் கீழே மூன்று தாங்கல் இருந்த இடத்தில் இரண்டுதான். பலகையின் நுனி கடைசிக் கட்டையைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சன்ஷேடு மூலை எட்டவில்லை என்று அவர் அந்த நுனிக்கு நகர்ந்திருக்கிறார். மறுமுனை தூக்கிக்கொண்டது. மறுமுனையைக் கட்டியிருந்த கயிறு அறுந்து தொங்குகிறது. தேங்காய் நார்க் கயிறு, இது மூன்றாவது வீடு அதற்கு. கையில் பிடித்துத் திரித்தேன், பொடியாக உதிர்ந்தது. கரணை இன்னும் கீழே மணலில் கிடக்கிறது. ஹெல்மெட் ஆறு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றில் சென்ட்ரிங் ஆணி போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாரம், ஏணி பற்றிய இந்தியத் தரநிலை, ஐஎஸ் 3696. பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

கிளம்பும்போதுதான் மேலே பார்த்தேன். திருஷ்டி பொம்மை. பச்சை நைலான் கயிறு, புத்தம் புதுசு, மூன்று சுற்று, முடிச்சுக்கு மேல் முடிச்சு. காற்றில் விழுந்துவிடக் கூடாது, நல்ல கயிறாகப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

இன்ஷூரன்ஸ் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அப்பா காலத்துப் பழக்கம். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி ரிஸ்க் எடுக்கவே கூடாது, 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 64 விபி, நாங்கள் என்ன செய்ய என்றார். அப்புறம் டீயை வைத்துவிட்டு, குரலை இறக்கி, "அன்னைக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி" என்றார்.

108 வந்து ஏற்றிய நேரம் காலை 10.52. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் ஏஆர் காப்பியில் சாரத்திலிருந்து விழுந்தது என்று தேதி, நேரத்தோடு இருக்கிறது. அதனால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த நேரம் எங்கும் பதிவாகாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை இங்கேகூட எழுத விருப்பமில்லை.

கட்டடத்துக்குப் போட்ட சிஏஆர், கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி, டிசம்பர் வரை இருக்கிறது. சுவர் விழுந்தால் பணம் வரும். சுவரிலிருந்து நம் ஆள் விழுந்தால் அதில் வராது, அதற்குத் தனியாக டபிள்யூசி, தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. அதுதான் ஜூன் 30.

ஜூலை 16, செவ்வாய்

விரல் அசையவில்லை.

ஜூலை 17, புதன். ஆடி 1

ஒத்தக்கடை வீட்டு ஓனர் போன். முதலில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார், குறை சொல்லக் கூடாது. அடுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முடியுமா என்றார். அடுத்து, வீட்டில் ரத்தம் விழுந்துவிட்டதே, ஏதாவது பரிகாரம் செய்யணுமா, பூசணிக்காய் உடைத்தால் போதுமா என்று அவர் மனைவி கேட்கச் சொன்னாராம். ரத்தமே வரவில்லை சார் என்றேன். உண்மைதான். ஒரு சொட்டு வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆபரேஷன். மூன்றரை மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, பிழைத்தோம். எக்ஸ்ரேயில் ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. நான் அதைப் பார்த்து கம்பி எத்தனை எம்எம் இருக்கும் என்று நினைத்தேன். என்ன ஜென்மமோ.

ஜூலை 20, சனி

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். தினக்கூலி ஆயிரம் வாங்கினாலும் மாதச் சம்பளம் 15,000-க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆதாரில் பிறந்த தேதி 1.1.1984, வயது 40, அதற்கான எண் 184.17. செத்திருந்தால் சம்பளத்தில் பாதி: 7,500 பெருக்கல் 184.17, ஆக 13,81,275. பிழைத்து, இனி எந்த வேலையும் செய்யவே முடியாது என்றால் அறுபது சதவீதம்: 16,57,530.

பேப்பரில் இரண்டு எண்ணையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, கழித்தும் பார்த்துவிட்டேன். 2,76,255. கழித்தது என் கைதான். பேப்பரைக் கிழித்து டாய்லெட்டில் போட்டேன். எண் போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

சித்தப்பா சொல்கிறார், "ஆள் மேஸ்திரியோடதுதானே, லேபர் கான்ட்ராக்ட், உனக்கு என்ன வந்தது?" அதே சட்டத்தில் பிரிவு 12-ஐப் படித்துவிட்டேன். என் தொழிலுக்காக இன்னொருவரிடம் வேலையைக் கொடுத்தாலும் கொடுக்க வேண்டியது நான். கொடுத்துவிட்டு வேண்டுமானால் அவரிடம் வசூலித்துக்கொள்ளலாமாம். மேஸ்திரியிடம்! அவரிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல். அதற்கும் தவணை.

ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீதம் வட்டி. ஆகஸ்ட் 11.

ஜூலை 24, புதன்

அப்பா இன்றைக்கும் கேட்டார். "சாரம் யார் கட்டினது?" நேற்றும் கேட்டார். மறந்துபோய்க் கேட்கிறாரா, மறக்காமல் கேட்கிறாரா தெரியவில்லை. அப்பா சைட்டில் ஆள் ஏறுவதற்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஏறுவார். பலகையின் ரெண்டு நுனியிலும் நின்று ஒரு குதி. எனக்கு எட்டு வயதிருக்கும், கீழே மணல் குவியலில் உட்கார்ந்து சிரிப்பேன். பலகை "டம்" என்று சத்தம் போடும்.

நான் போட்டோ அனுப்பச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் எல்லாச் சாரமும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 27, சனி

பச்சை நைலான், ஒரு கட்டு 340 ரூபாய். பில் கிடைத்தது. மொத்தச் சாரத்துக்கும் நாலு கட்டு போதும்.

ஜூலை 30, செவ்வாய்

மேஸ்திரியின் தங்கைக்குக் கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. காலாவதி ஆகி இரண்டு வருஷம். பிளான் அப்ரூவலின்போது நான் வாரியத்துக்கு ஒரு சதவீதம் கட்டுகிறேன், ரசீது ஃபைலில் வரிசையாக இருக்கிறது. அட்டையை யாரிடமும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் விழுந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சாப்பிட்டீங்களாண்ணே என்றேன். அவராகவே சொன்னார், "பலகைய சரியா கட்டாம ஏறினது என் தப்பும்மா. அந்தப் பொம்மைய மட்டும் நல்லா கட்டினேன்."

எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தல்லாகுளம் பிளாட்டை விற்பது பற்றி அப்பாவிடம் பேசவில்லை. நாளை.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

ஸ்டீல் சாரம் வாடகைக்கு வந்து இறங்கியது. மேஸ்திரி ஒவ்வொரு கிளாம்ப்பையும் கையால் தட்டிப் பார்த்தார். நான் ஏறினேன். குதிக்கவில்லை, நுனியில் நின்றேன், கால் நடுங்கியது. கீழே சித்தாள் பெண்கள் சிரித்தார்கள்.

இன்ஷூரன்ஸ் அண்ணன் புதுப் படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆட்கள் ஒன்பது. போன வருஷம் ஆறு என்றுதான் எழுதியிருந்தேன். கூலி, வேலை வகை, உயரம் எல்லாம் எழுதிவிட்டேன். கடந்த மூன்று ஆண்டுகளில் விபத்து ஏதும் நடந்ததா, விவரம் தருக என்று ஒரு கட்டம். இரண்டு வரிக்குத்தான் இடம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேஸ்திரி ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தார். இடது காலாம். அவர் தங்கை பார்த்தாராம், டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. போர்வை அசைந்ததா விரல் அசைந்ததா என்று கேட்டேன். காலையில் போய்