எந்த வோல்டேஜ்? – கேட் தேர்வில் நான் கற்றது

எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கான சேர்க்கைக் கடிதம் நேற்று வந்துவிட்டது. உயர் அழுத்த மின்தொடர்தான், அதாவது மின்சாரத்தை வெகுதூரம் கொண்டுபோகும் கம்பித்தொடர்தான், என் துறை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஏன் தோற்றேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லைன் வோல்டேஜா (மூன்று ஃபேஸ் கம்பிகளில் இரண்டுக்கு இடையே உள்ளது), ஃபேஸ் வோல்டேஜா (ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளது) என்ற குழப்பம். நான்கு கணக்குகள் அதில் போயின.

பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தில் வாய்பாட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதில் ‘வி’ என்று மட்டும்தான் அச்சாகியிருந்தது. எந்த ‘வி’ என்று இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. 400 கிலோவோல்ட் லைன், சர்ஜ் இம்பிடன்ஸ் (லைனில் ஓடும் மின்னலைக்கு அது காட்டும் எதிர்ப்பு) 400 ஓம் என்றால் அதன் இயல்புச் சுமை (வழியில் வோல்டேஜ் ஏறாமலும் இறங்காமலும் கொண்டுபோகும் மின்திறன்) 400 மெகாவாட். ஃபேஸ் வோல்டேஜில் கணக்கிட்டு மூன்றால் பெருக்க மறந்தால் 133 வரும். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 133-உம் இருக்கும். நிம்மதியாக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டாம் ஆண்டு மேலூரிலிருந்து காலை பஸ்ஸில் மாட்டுத்தாவணி, அங்கிருந்து புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். கணக்கைத் தொடுவதற்கு முன் ‘லைனா, ஃபேஸா?’ என்று சிவப்பு மையில் எழுதுவேன். பிறகு ஒற்றை ஃபேஸுக்குப் படம். அதன் பிறகுதான் எண்கள். ஆறு நோட்டுகள் இப்படியே தீர்ந்தன.

மற்றவை:

- திரையில் வரும் கால்குலேட்டரிலேயே தினமும் பழகுங்கள். கோணம் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள்.
- எண்ணாக விடை தரும் கேள்விக்கும், பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய கேள்விக்கும் மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.
- பொதுத்திறனுக்கு 15 மதிப்பெண். அலட்சியம் வேண்டாம்.
- தனியாகப் படியுங்கள். கூட்டாகப் படித்த நாட்களில் எனக்குப் பேச்சுதான் மிஞ்சியது.

நேர்காணலில், “ஏன் மின்தொடர்?” என்றார்கள். அப்பா மின்வாரியத்தில் வயர்மேன். மார்கழிப் பனியில் எங்கள் வயலைத் தாண்டிப் போகும் கோபுரக் கம்பிக்கு அடியில் நடந்தால் தலைக்கு மேல் ‘உஸ்’ஸென்று ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்கும். அதைச் சொன்னேன். “பனியில் ஏன் கூடுகிறது?” என்றார் ஒருவர். கம்பியில் தொங்கும் நீர்த்துளியை வரைந்து, அதன் நுனியில் மின்புலம் குவிந்து காற்று அயனியாவதைக் காட்டினேன். “குறைக்க?” ஒரு ஃபேஸுக்கு ஒரே கம்பிக்குப் பதில் இரண்டோ நான்கோ கம்பிகளை இடைவெளிவிட்டுக் கட்டலாம் என்றேன். “அப்போது சர்ஜ் இம்பிடன்ஸ்?” குறையும், இயல்புச் சுமை கூடும். நள்ளிரவில் சுமை இல்லாதபோது நீண்ட லைனின் மறுமுனையில் வோல்டேஜ் ஏறுவது வரை கேட்டார்கள். அரை மணி நேரத்தில் ஒரு வாய்பாட்டைக்கூட ஒப்பிக்கச் சொல்லவில்லை.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் நேர்காணலுக்கு முன் ராய்கர்–புகளூர் மின்தொடரைப் பற்றிப் படித்துவிடுங்கள். சத்தீஸ்கரிலிருந்து ±800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) 6,000 மெகாவாட் வரை நம் மாநிலத்துக்குக் கொண்டுவருகிறது. ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்றும் மாற்றிகள் அந்தத் தொடரில் தைரிஸ்டர் வகை, புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் ±320 கிலோவோல்ட் தொடரில் டிரான்சிஸ்டர் வகை. ஏன் இந்த வேறுபாடு என்று என்னிடம் கேட்டார்கள். பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.