தோளில் போட்ட ஊசியும் டாக்டர் எழுதிய ஒரு வரியும்

போன வருஷம் அக்டோபரில் ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். கழற்றச் சோம்பல்பட்டு ஸ்வெட்டரைக் கழுத்துப் பக்கம் இழுத்துக் காட்டினேன், தெரிந்த இடத்தில் குத்திவிட்டார்கள். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே சதையில் இறங்கவேண்டிய ஊசி, மேலே போனால் மூட்டுப் பக்கம் மருந்து இறங்கி அழற்சி வந்துவிடும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அன்று ராத்திரியே வலி. ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்து, காரில் சீட் பெல்ட்டை எடுக்க இடது கை பின்னால் போகவில்லை.

தடுப்பூசி போட்ட விதத்தால் தோளில் வரும் இந்தக் காயத்துக்குப் பெயர் சிர்வா (SIRVA). 1986இல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி இதற்கு இழப்பீடு கேட்கலாம்.

"ஏண்டி, ஊசி போட்ட அந்தப் பொண்ணு மேல கேஸ் போடப்போறியா?" என்று அக்கா பதறினாள். இல்லை. மனு போவது வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கு, எதிர்த்தரப்பு சுகாதாரத் துறைச் செயலர். பணம் தடுப்பூசி வரியில் சேர்ந்த நிதியிலிருந்து வருகிறது, என் ஊசியிலும் 75 சென்ட் அதற்குப் போயிருக்கிறது.

2017இல் சிர்வாவை இழப்பீடு தரும் காயங்களின் பட்டியலில் சேர்த்ததால் வேலை கொஞ்சம் சுலபம்: 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அதே தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் பாதிப்பு நீடித்திருக்கவும் வேண்டும் (அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் தங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு). நான் மாட்டிக்கொண்டது அந்த 48இல். கை போகாமல் போனபிறகு பார்த்த டாக்டர் எழுதியிருந்தது "இடது தோள் வலி, சில வாரங்களாக" என்று மட்டும். ஊசியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவர் என்ன செய்வார்? காப்பாற்றியது, மறுநாள் ராத்திரி அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்: "ஊசி போட்ட கைய தூக்கவே முடியலக்கா." வக்கீல் அதைப் படம்பிடித்து என் வாக்குமூலத்தோடு இணைத்தார்.

வக்கீல் ஃபீஸ் நிதியிலிருந்து தனியாக வருகிறது. நியாயமான வழக்காக இருந்தால் தோற்றாலும் கிடைக்கும். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று யாராவது கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர், எனக்கு அதெல்லாம் வராது. அறிகுறி தொடங்கி மூன்று வருஷத்துக்குள் மனு போட வேண்டும். கோவிட் ஊசி இதில் சேராது, அதற்கு வேறு திட்டம்: கெடு ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருஷம், வேதனைக்குக் காசு இல்லை, வக்கீல் செலவும் நம் தலையில்தான்.

என் வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த வருஷ ஊசியையும் போட்டாயிற்று, கையில்லாத சட்டையில், வலது கையில். ஊசி போட்டதற்கான சீட்டில் எந்தக் கை என்று எழுதித் தரும்வரை நகராமல் நின்றேன். வரிசையில் பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார்.