ஆங்கிலச் சொற்களை வேரிலிருந்து பிடிப்பது

ஆங்கிலத்தில் சொல்வளம் பெருக வழி கேட்பவர்களிடம் கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்களைப் படிக்கச் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் நூறு வேர்கள் கொண்ட பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் முறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. தெரிந்த சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் இந்த மூன்றும் நமக்குப் பழகியவை. மூன்றிலும் இருக்கும் போர்ட், சுமந்து செல்வது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. முன்னால் நிற்பவை முறையே உள்ளே, வெளியே, அந்தப் பக்கம். இது புரிந்துவிட்டால், சப்போர்ட் என்பது கீழே இருந்து சுமப்பது, அதாவது தாங்குவது என்று தெரிகிறது, ரிப்போர்ட் என்பது செய்தியைத் திரும்பக் கொண்டுவந்து தருவது என்று தெரிகிறது, டிபோர்ட் என்ற சொல்லை முதல்முறை பார்த்தாலும் யாரையோ எங்கிருந்தோ அப்புறப்படுத்துகிறார்கள் என்று ஊகிக்க முடிகிறது. (ஏர்போர்ட் இந்தக் குடும்பத்தில் சேராது, அந்த போர்ட் துறைமுகத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்.) தெரிந்த இரண்டு மூன்று சொற்கள் கூடவே இருந்தால்தான் ஒரு வேர் மனதில் நிற்கும், தனியாகப் படித்தால் மறுவாரமே போய்விடும்.

ஆங்கிலத்தில் ஏன் இவ்வளவு லத்தீன் என்றால், 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது, பிரெஞ்சோ லத்தீனின் பிள்ளை. அப்புறம் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்களும் பின்னால் வந்த அறிவியலாளர்களும் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேராகவே அள்ளிக்கொண்டார்கள். அதனால் இந்த முறை பாடநூல், செய்தித்தாள், தேர்வு இவற்றுக்குத்தான் உதவும். கிவ் அப், புட் ஆஃப் மாதிரி அன்றாடப் பேச்சில் வருபவற்றுக்கு உதவாது, அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

வேர்களைவிட முன்னொட்டுகளில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம், அதற்குக் காரணம் ஸ்பெல்லிங். பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி, மண்ணும் குடமும் சேர்ந்தால் மட்குடம் என்று நாம் புணர்ச்சி படித்திருக்கிறோம் இல்லையா, லத்தீனிலும் அதே வேலை நடந்திருக்கிறது. இல்லை என்று பொருள்படும் இன் என்ற முன்னொட்டு எல்லுக்கு முன்னால் இல் ஆகி இல்லீகல், ஆருக்கு முன்னால் இர் ஆகி இர்ரெகுலர், பிக்கு முன்னால் இம் ஆகி இம்பாசிபிள். எல்லாம் ஒரே முன்னொட்டுதான், வாய்க்கு எளிதாக மாறியிருக்கிறது. கூட, சேர்ந்து என்ற பொருளுள்ள காம் என்பதும் இப்படியே கலெக்டில் எல்லாகவும் கரெக்டில் ஆராகவும் மாறுகிறது, அந்தச் சொற்களில் எழுத்து இரட்டிப்பது அதனால்தான். பலரும் தடுமாறும் அக்காமடேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் நோக்கி என்ற பொருளுள்ள ஆட், அடுத்து காம், கடைசியில் அளவைக் குறிக்கும் வேர். ஆட் என்பதன் டி, அடுத்து வரும் சியைப் பார்த்து சியாகிவிட்டது, எனவே இரண்டு சி. காமின் எம்மும் வேரின் எம்மும் சேர்ந்து இரண்டு எம். இதைப் புரிந்துகொண்டவர்கள் அந்தச் சொல்லை எழுதும்போது எத்தனை சி, எத்தனை எம் என்று யோசித்து நிற்க வேண்டியதில்லை.

மருத்துவச் சொற்களில் இந்த முறை இன்னும் சுத்தமாக வேலை செய்யும். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. ஹெபடைட்டிஸ் கல்லீரலில், காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில். ஓர் உறுப்புக்கு கிரேக்கப் பெயர் ஒன்று, லத்தீன் பெயர் ஒன்று என்று இரண்டு இருப்பதையும் கவனிக்க வேண்டும். சிறுநீரக மருத்துவர் நெஃப்ராலஜிஸ்ட், அது கிரேக்கம், ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு ரீனல் ஃபெயிலியர், அது லத்தீன்.

சரி, ஏமாற்றும் இடங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் இந்த முறையைப் பரிந்துரைப்பது தவறு. பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் பெட் என்பது லத்தீனில் பாதம். அதை வைத்து ஆர்த்தோபெடிக்கையும் காலோடு முடிச்சுப் போடத் தோன்றும், ஆனால் அங்கே இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். நேர், குழந்தை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1741இல் நிக்கோலா ஆண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தப் பெயரை உருவாக்கினார், குழந்தைகளின் உடல் கோணல்களை நேராக்குவது பற்றி அவர் எழுதியபோது. மால் என்றால் கெட்ட என்று படித்தவர் மாலியபிளைப் பார்த்து முகம் சுளிக்கலாம், அதன் வேரோ சுத்தியல், அடித்து வளைக்கக்கூடியது என்று பொருள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது இன்ஃபிளேமபிள், தீப்பற்றாது என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள், ஏனென்றால் அந்த இன் இல்லை என்பது அல்ல, உள்ளே என்பது.

ஆகவே வேரை வைத்து முதலில் ஊகியுங்கள், வாக்கியத்தில் அந்த ஊகம் பொருந்துகிறதா என்று பாருங்கள், பிறகு அகராதியைத் திறந்து பொருளோடு சொல்லின் பிறப்பு பற்றிய சிறு குறிப்பையும் படியுங்கள். பெரும்பாலோர் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹெலிகாப்டருக்குப் போய் அதைப் பாருங்கள், ஹெலி, காப்டர் என்று உடைக்கத் தோன்றும் அந்தச் சொல் உண்மையில் சுருள், சிறகு என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள். டெரோடாக்டில் என்ற பறக்கும் தொல்லுயிரின் பெயரில் முதலில் ஒலிக்காமல் நிற்கிறதே ஒரு பி, அதுவும் அதே சிறகிலிருந்து வந்ததுதான்.