பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: போடுவதற்கு முன்பும் பின்பும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் கணினியில் வேண்டும், இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்றுக்கொள்ளாது. ரெஜிஸ்ட்ரியில் மாற்றம் செய்து வலுக்கட்டாயமாக ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ எனும் இலகுவான பதிப்பைத்தான் நான் சொல்வேன். 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் உடல்நிலை. பழைய விண்டோஸ் இருக்கும்போதே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து 05, சி5 ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை. சி5 பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் நிறுவாதீர்கள்; உள்ளே இருப்பதை உடனே வெளியே எடுங்கள். நிறுவல் பாதியில் உறைந்து நிற்கும்போது பலரும் பென்டிரைவைத்தான் சந்தேகிப்பார்கள். இரண்டு மூன்று பென்டிரைவ் மாற்றிப் பார்த்தும் அதே இடத்தில் நின்றால், குற்றவாளி பெரும்பாலும் இந்தச் செக்டர்கள்தான்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் எஸ்எஸ்டி போடுவதே நல்லது. பழைய லேப்டாப்பில் கண்ணுக்குத் தெரியும் வேக மாற்றம் அதில்தான் வருகிறது. 2.5 அங்குல சாட்டா வகை, 7 மிமீ தடிமன் வாங்குங்கள். பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும்; இல்லையென்றால் கனெக்டர் ஆடும். அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ரேமும் ஏற்றுவதாக இருந்தால் டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் வகையா என்று பார்த்து வாங்குங்கள். 1.5 வோல்ட் டிடிஆர்3 அதே ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் இந்தத் தலைமுறை லேப்டாப் பலவற்றில் திரையே வராது.

பேக்கப் எடுக்கும்போது படங்களும் ஆவணங்களும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். விட்டுப்போவது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் திறந்தால் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். இறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பின் எஸ்எச்ஏ 256 சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டபின் ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். பிறகு பென்டிரைவிலிருந்தே பூட் செய்து, எதையும் நிறுவாமல் வைஃபை, ஒலி, டச்பேட், திரை வெளிச்சம், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதியுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பிராட்காம் வைஃபை சிப் பலவும் இந்தச் சோதனையில் வேலை செய்யாது. மொபைலை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் (மொபைல் இணையத்தைக் கணினியோடு பகிர்வது) போட்டு, நிறுவி முடித்தபின் டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரை ஏற்றலாம். அங்கீகரிக்கப்படாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் நிற்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, சாவியைப் பதிவுசெய்யும் வரியைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் ஏறியிருந்தும் வைஃபை வராது.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க்கை இயக்கும் சாட்டா முறை ஆர்எஸ்டி என்று இருக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்பவர்கள் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்த பிறகு வழக்கமான முறைக்குத் திரும்ப வேண்டும். விண்டோஸை முழுதாக அணைக்காமல் வேகமாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுத முடியாமல் போகும்.

நிறுவியபின் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில், பிறகு திரும்பி வர உதவும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அப்டேட்டுகளைப் போடுங்கள். 4 ஜிபி ரேமோடு ஓட்டுபவர்கள் ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் அமைத்து, அளவை ரேமில் பாதியாக வையுங்கள். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தாலும் திணறல் குறையும். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியை உள்ளீட்டு முறையாக அமைத்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் பட்டியலில் தமிழ்99 வந்துவிடும்.

அப்டேட் போடும்போது "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பிழையும், பிரவுசரில் எல்லாத் தளங்களுக்கும் சான்றிதழ் எச்சரிக்கையும் வந்தால் இணையத்தைக் குறை சொல்ல வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். லேப்டாப்புகளில் இது பெரும்பாலும் வயரும் சிறு கனெக்டரும் ஒட்டிய வகை. வெறும் பட்டன் பேட்டரி வாங்கினால் பொருந்தாது.